கை கொடுக்கும் நேரம்: தரங்கம்பாடி 1919 முதல் சென்னை 1947 வரை

இந்த எபிசோடை ரொம்பச் சின்ன ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு கை இன்னொரு கையைப் பிடிக்கிற விஷயம்.

நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில். எங்க ஊர்க் கோயில் சி.எஸ்.ஐ. கோயில். வெளியூர்க்காரர்கள் சர்ச் என்பார்கள், எங்களுக்கு அது கோயில்தான். நற்கருணை ஆராதனை நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், பிரசங்கமும் ஜெபங்களும் முடிந்து காணிக்கை எடுப்பதற்கு முன்னால் ஒரு நேரம் வரும். பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஐயர் கை கொடுப்பார். அவர்கள் இறங்கி வந்து முன்வரிசைக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அப்படியே வரிசை வரிசையாக அந்தக் கை பின்னால் வந்துகொண்டே இருக்கும். இது ஆபீஸில் குலுக்குகிற மாதிரி இல்லை. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மற்றவரின் கையை மூடிக்கொள்ள வேண்டும். 'சமாதானம்' என்போம்.

எங்க அப்பாவும் பெரியப்பாவும் ஏழெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒரு வரப்புத் தகராறு, கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. இரண்டு பேரும் கோயிலுக்கு வருவதை மட்டும் விடவில்லை. பெரியப்பா எப்போதும் முன்வரிசை. அப்பா பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார். நற்கருணை நாளில் மட்டும் அந்தத் தூணையும் தாண்டி, கதவை ஒட்டி உட்காருவார். சின்னப் பையனாக இருந்த எனக்கு அந்தக் கணக்கு புரிய ரொம்ப நாளாயிற்று. அண்ணன் கையிலிருந்து தன் கைக்கு அந்தச் சமாதானம் நேராக வந்துவிடக் கூடாது. அதுதான் கணக்கு.

பிறகு வரலாறு படிக்க ஆரம்பித்தபோது, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஆதிகாலத்திலிருந்து எங்க ஊரில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. எங்க தாத்தா வாலிபராக இருந்தபோது நடந்த ஆராதனையில் இது கிடையாது. 1950-ல்தான் வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் நாற்பது வருஷக் கதை இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கதைதான்.

ஊருக்கு ஒரு சபை

நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டுப் புராட்டஸ்டன்ட் வரைபடத்தைக் கொஞ்சம் மனசில் போட்டுப் பாருங்கள். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபை. அதிலேயே சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இரண்டு சங்கங்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன். மதுரையில் அமெரிக்கன் மிஷன். மன்னார்குடிப் பக்கம் மெதடிஸ்டுகள். சென்னையில் ஸ்காட்லாந்து மிஷன். தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன்கள்.

ஒருத்தர் மெதடிஸ்டா ஆங்கிலிக்கனா என்பதைப் பெரும்பாலும் அவருடைய நம்பிக்கை தீர்மானிக்கவில்லை. அவர் பிறந்த மாவட்டம் தீர்மானித்தது. அந்த மாவட்டத்துக்கு எந்த மிஷன் முதலில் வந்ததோ அதுதான் அவருடைய சபை. இதனால் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். மதுரைச் சபையில் வளர்ந்த ஒருவர் வேலை கிடைத்துத் திருநெல்வேலிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலிக்கன் முறைப்படி, பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் பெற்றவர்கள்தான் நற்கருணைக்கு வரலாம். இவர் அப்படிப் பெற்றவர் இல்லை. அதனால், அதே தமிழ் பேசி, அதே வேதத்தைப் படித்து, சில சமயம் சொந்தக்காரராகவும் இருப்பவர், பந்தி என்று வரும்போது வெளியாள்.

பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது. ராஜாக்களும் பாராளுமன்றமும் கலந்துகொண்ட சண்டை அது. அதில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்கும் பங்கு கிடையாது. ஆனால் அதன் வடு மட்டும் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது.

எடின்பரோவில் ஒரு தமிழர்

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர். 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அந்த மேடையில் அவர் மிஷனரிகளின் தியாகத்தை மறுக்கவில்லை. அதற்கு நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, நீங்கள் எங்களுக்கு எல்லாம் கொடுத்தீர்கள், இனி அன்பைக் கொடுங்கள், நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். கைகுலுக்குவது, நாற்காலி போடுவது, சாப்பிடக் கூப்பிடுவது பற்றியெல்லாமும் சொன்னார். வெறும் சடங்காக அவற்றைக் கேட்கவில்லை, நட்பின் அடையாளமாக இருந்தால் அவையும் வேண்டும் என்றார்.

இதை எதற்கு அந்த மேடையில் சொல்ல வேண்டியிருந்தது? ஒரே ஆண்டவரைக் கும்பிட்டாலும், வெள்ளைக்கார மிஷனரியின் பங்களாவில் இந்திய ஊழியருக்கு நாற்காலி கிடைப்பது நிச்சயமில்லாத காலம் அது. அரங்கில் சிலர் கைதட்டினார்கள். பல பேருக்குக் கசந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பரில், அதே அசரியா கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அனுப்பப்பட்ட இடம் நிஜாம் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல். இன்றைக்கு அது தெலங்கானா.

தரங்கம்பாடியில் 33 பேர்

அடுத்த காட்சி 1919 மே 1, 2. இடம் தரங்கம்பாடி. சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய அதே கடற்கரை. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் அங்கேதான் இருக்கிறது. நாடு அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

கூடியவர்கள் 33 பேர். இரண்டே பேர்தான் வெளிநாட்டவர். அமெரிக்கரான ஷெர்வுட் எடி, ஆங்கிலேயரான பாப்லி. எடி, அசரியாவின் பழைய கூட்டாளி. எடின்பரோவில் கேட்ட அந்த நட்பு அசரியாவுக்கு இவரிடம் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

அங்கே கையெழுத்தான அறிக்கை நீளமானது இல்லை. அதன் சாரம் இதுதான்: எங்களுக்குள் இருக்கிற இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை, இவற்றைக் கட்டிக்காக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆங்கிலிக்கன்களும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-லேயே சேர்ந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகலாம் என்று முன்மொழிந்தார்கள். மெதடிஸ்டுகள் பிறகு பேச்சுவார்த்தையில் சேர்ந்தார்கள்.

ஒரு வேடிக்கை. தரங்கம்பாடி யாருடைய தாய்வீடோ, அந்த லுத்தரன்கள் கடைசியில் இந்த ஐக்கியத்தில் சேரவே இல்லை. அவர்களின் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றும் தனியாகத்தான் இருக்கிறது.

28 வருஷம் எதற்கு?

இரண்டு நாளில் எழுதிய அறிக்கை நிறைவேற 28 வருஷம் பிடித்தது. சிக்கல் ஒரே இடத்தில்தான். பேராயர் கைவைக்காமல் குருவானவர் ஆனவர்களை என்ன செய்வது?

ஆங்கிலிக்கன்கள், அவர்களும் வந்து பேராயரிடம் மறுபடி அபிஷேகம் பெற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கலாம். பார்ப்பதற்கு எளிதான வழி. ஆனால் அதன் அர்த்தம் என்ன? முப்பது வருஷம் நாகர்கோவில் பக்கம் ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுத்த ஒரு முதியவரிடம், ஐயா, இதுவரை நீங்கள் செய்தது எதுவும் சரியான கணக்கில் வராது என்று சொல்வது. இதற்கு அவர்கள் எப்படி ஒத்துக்கொள்வார்கள்?

கடைசியில் வந்த தீர்வு இது. ஐக்கியமாகிற நாளில் மூன்று சபைகளின் குருமார்களும் அப்படியே, எந்த மறு அபிஷேகமும் இல்லாமல், புதிய சபையின் குருமார்கள். அன்றிலிருந்து வரும் புதியவர்களுக்கு மட்டும் பேராயர் கையால் அபிஷேகம். எந்தச் சபையின் மேலும் அது மனசார ஏற்க முடியாத ஊழியத்தைத் திணிப்பதில்லை என்று ஓர் உறுதிமொழியும் சேர்த்தார்கள்.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். மன்னிப்பு என்றால் ஒருத்தர் தப்பை ஒத்துக்கொள்வார், இன்னொருத்தர் பெருந்தன்மையாக மன்னிப்பார் என்றுதான் நினைக்கிறோம். இங்கே நடந்தது வேறே. யார் சரி என்ற வழக்கைத் தீர்க்காமலே, உன் கடந்தகாலம் செல்லாது என்று நீ சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டார்கள். அதற்குத்தான் 28 வருஷம்.

அசரியா முடிவைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதி இறந்துபோனார்.

1947 செப்டம்பர் 27

சுதந்திரம் வந்து ஆறு வாரம். வடக்கே பிரிவினையின் ரத்தம் காயவில்லை. நாடு இரண்டாகப் பிளந்த அந்த நாட்களில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் மூன்று சபைகள் ஒன்றாயின. திருவிதாங்கூர்ப் பேராயர் சி.கே. ஜேக்கப் ஆராதனையை நடத்தினார். சுமார் பத்து லட்சம் பேர் அன்று முதல் தென்னிந்தியத் திருச்சபை. பேராயர்கள் 14 பேர். அதில் ஒன்பது பேர் அன்றைக்குத்தான் அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர், மதுரை-இராமநாதபுரத்துக்குப் பேராயரான 37 வயது ஸ்காட்லாந்து மிஷனரி லெஸ்லி நியூபிகின்.

எல்லாம் சுபமாக முடியவில்லை. இங்கிலாந்து ஆங்கிலிக்கன் திருச்சபை இவர்களோடு முழு உறவு கொள்ளத் தயங்கியது. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் ஐக்கியத்துக்கு வரமாட்டோம் என்று வெளியே நின்றார்கள்.

காகிதத்தில் ஒன்றானவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக எப்படிக் கும்பிடுவது? அதற்காகப் புதிய நற்கருணை ஆராதனை முறை ஒன்றை எழுதி 1950-ல் வெளியிட்டார்கள். அதில்தான் அந்தக் கை வருகிறது. எடுத்தது இங்கிலாந்திலிருந்து இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கைமாற்றிக் கைமாற்றிச் சமாதானம் கொடுத்து வருகிறார்கள். அந்த வழக்கத்தை எடுத்து, காணிக்கைக்கு முன்னால் வைத்தார்கள். காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது சகோதரனோடு மனஸ்தாபம் ஞாபகம் வந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்ற இயேசுவின் போதனை இருக்கிறதல்லவா, அந்த வரிசை இது. பின்னாளில் மற்ற நாட்டுச் சபைகள் தங்கள் ஆராதனையில் சமாதானம் பரிமாறும் வழக்கத்தைச் சேர்த்தபோது, இந்தத் தென்னிந்திய முறையைத்தான் ஆர்வமாகப் பார்த்தார்கள்.

நம்ம வீட்டுச் சண்டை

இத்தோடு கதையை முடித்தால் அது நேர்மையாக இருக்காது.

1833-லேயே கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், கோயிலுக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தனி இருக்கை, நற்கருணைக்குத் தனி வரிசை, எதுவும் கூடாது என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். எவ்வளவோ அருமையான கீர்த்தனைகள் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட அந்தக் கட்டளையை எதிர்த்தவர்தான்.

தரங்கம்பாடி அறிக்கை, பிரிவினைகள் வெளியிலிருந்து வந்தவை என்றது. உண்மைதான். ஆனால் சாதி வெளியிலிருந்து வரவில்லை. நம்ம வீட்டுத் திண்ணையில் பிறந்தது. லண்டனில் பிறந்த சண்டையை மறக்க 28 வருஷம் போதுமானதாக இருந்தது. இங்கே பிறந்த சண்டைக்கு அது போதவில்லை. சபைத் தேர்தல் நேரத்தில் எந்தச் சேகரத்துக்காவது போய் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

தூரத்துச் சண்டையை மன்னிப்பது எளிது. பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறவரை மன்னிப்பதுதான் கஷ்டம். அதனால்தான் அந்தக் கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் யாரோடு சேர்ந்து போடுவது என்று தேர்ந்தெடுக்கலாம். கோயிலில் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் கை கொடுத்தாக வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்க கோயிலில் ஒரு வருஷம் ஓடு மாற்றுகிற வேலை நடந்தது. பின்பக்கம் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எல்லாரும் முன்னால் நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. கதவும் இல்லை, தூணும் இல்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் பெரியப்பா. கை வந்தது. பெரியப்பா வாங்கிக்கொண்டு திரும்பினார். அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பிடித்தார். கட்டிப்பிடிக்கவும் இல்லை, கண்ணீரும் இல்லை. அடுத்து அப்பா என் பக்கம் திரும்பி எனக்குக் கை கொடுத்தார். கை வேர்த்திருந்தது.

வழக்கு அதற்கப்புறமும் இரண்டு வருஷம் நடந்தது. ஆனால் வாய்தா நாளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். டிக்கெட்டைப் பெரியப்பாதான் எடுப்பார்.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படி ஒரு கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள்.