வெண்மையின்மேல் ஒரு சிவப்புச் சிலுவை



வெண்ணிறப் பின்னணியில் பொறிக்கப்பட்ட சிவப்புச் சிலுவையை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். ஆம்புலன்ஸ் வண்டியில், மருந்துக்கடைப் பலகையில், மருத்துவரின் காரில் அதைப் பார்க்கும்போது, நம்முடைய விசுவாசத்தின் அடையாளத்தை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருக்கலாம். ஆனால் அந்த அடையாளத்தின் வரலாறு நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கிறது.

1859-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, வட இத்தாலியின் சொல்ஃபெரீனோ என்னும் இடத்தில் ஆஸ்திரியப் படைக்கும் பிரெஞ்சு–சார்தீனியக் கூட்டுப்படைக்கும் பெரும் போர் நடந்தது. ஹென்றி டூனான் என்னும் ஜெனிவா நகர வணிகர், தம் தொழில் காரியமாகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்க அவ்வழியே வந்திருந்தார். ஜெனிவாவில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அருகிலிருந்த காஸ்தில்யோனே ஊரின் தேவாலயங்களும் வீடுகளும் தெருக்களும் காயமுற்றோரால் நிறைந்திருந்ததை அவர் கண்டார். வந்த வேலையை மறந்தார். அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து, இன்னார் நண்பர், இன்னார் பகைவர் என்று பாராமல் தண்ணீர் கொடுத்தார்; காயங்களைக் கட்டினார். எரிகோவுக்குப் போகும் வழியில் நின்ற சமாரியனை இங்கே நீங்கள் நினைவுகூராமல் இருக்க முடியாது.

தாம் கண்டதை அவர் 1862-இல் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜெனிவாவில் ஐவர் குழுவொன்று கூடியது. இன்றைய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தொடக்கம் அதுவே.

அக்குழுவின் முன் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு படையும் தன் மருத்துவப் பிரிவுக்கு வெவ்வேறு நிறக் கொடியைப் பயன்படுத்தியது. எதிரிப் படையின் மருத்துவக் கொடி எது என்று சாதாரணப் போர்வீரனுக்குத் தெரியாது. ஆகவே எல்லாருக்கும் பொதுவான, தொலைவிலிருந்தும் தெரியக்கூடிய, எவரும் எளிதில் வரையக்கூடிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 1863 அக்டோபரில் கூடிய மாநாடு சிவப்புச் சிலுவை பொறித்த வெள்ளைக் கைப்பட்டையைப் பரிந்துரைத்தது. 1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள் கையொப்பமிட்ட முதல் ஜெனிவா உடன்படிக்கை அதற்குச் சட்ட வலிமை அளித்தது. சுவிட்சர்லாந்தின் கொடி சிவப்பின்மேல் வெண்சிலுவை. அந்நாட்டுக்கு மரியாதையாக அந்நிறங்கள் இடம் மாற்றப்பட்டு இச்சின்னம் அமைந்தது என்று 1906-ஆம் ஆண்டின் உடன்படிக்கை எழுதி வைத்தது. ஆம், பிரியமானவர்களே, மதத்தை அறிவிக்க அல்ல, காயமுற்றவனைக் காக்கவே அது வரையப்பட்டது.

ஆயினும் வரைந்தவரின் நோக்கம் ஒன்று. பார்ப்பவரின் நினைவு வேறொன்று. 1876-இல் ஒட்டோமான் பேரரசு, தன் இஸ்லாமியப் போர்வீரரின் மனத்தைச் சிலுவை புண்படுத்துவதாகத் தெரிவித்து, செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதே வேளையில், எதிரியின் சிலுவைச் சின்னத்தை மதிப்பதாகவும் உறுதி கூறியது. சிலுவையின் பெயரால் நடந்த போர்களை எண்ணிப் பாருங்கள். அந்த மனத்தாங்கலுக்குக் காரணம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

1929-இல் செம்பிறையும், பாரசீகத்தின் செஞ்சிங்கமும் சூரியனும் உடன்படிக்கையில் ஏற்கப்பட்டன. ஈரான் 1980-இல் சிங்கச் சின்னத்தைக் கைவிட்டுச் செம்பிறைக்கு மாறியது. இஸ்ரவேல் நாட்டின் சங்கமோ தாவீதின் சிவப்பு நட்சத்திரத்தைப் பயன்படுத்தியதால், நெடுங்காலம் உலக இயக்கத்துக்கு வெளியே நின்றது. எந்த மதத்தையும் நாட்டையும் சாராத ஒரு சின்னம் வேண்டுமென்ற தேடலின் முடிவாக, 2005 டிசம்பர் 8 அன்று செம்படிகம் பிறந்தது. முனையில் நிற்கும் ஒரு சிவப்புச் சதுரச் சட்டம். அதன் நடுவே வெண்மை. விரும்பும் சங்கம் அந்த வெண்மைக்குள் தன் சின்னத்தை வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே இஸ்ரவேலின் சங்கம் இயக்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?

முதலாவது, அடையாளம் ஒரு வாக்குறுதி. அதைக் கண்ட துப்பாக்கி தாழவேண்டும். ஆகையால் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவன் எங்கோ கிடக்கும் காயமுற்றவனின் பாதுகாப்பைக் குறைக்கிறான். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டம் இச்சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. உங்களில் மருத்துவர்களும் மருந்துக்கடை நடத்துகிறவர்களும் இதைக் கவனியுங்கள். சபையாக நாம் மருத்துவ முகாம் நடத்தும்போதும் நம் பதாகையில் வேறு அடையாளத்தையே வைப்போம்.

இரண்டாவது, இது இன்னும் கடினமான பாடம். நமக்கு அருமையான ஓர் அடையாளம் மற்றொருவனுக்கு அச்சத்தைத் தருமானால், நாம் எதைப் பற்றிக்கொள்வோம்? அடையாளத்தையா, அவனையா? செம்படிகத்தை ஏந்திச் செல்லும் தாதியின் கையில் சிலுவை இல்லை. ஆனால் சிலுவையில் தொங்கினவர் போதித்த அன்பு அங்கே இல்லையென்று யார் சொல்லக்கூடும்?

டூனான் 1867-இல் தொழிலில் நொடித்துப்போனார். தாம் தொடங்கிய குழுவிலிருந்தும் விலக நேர்ந்தது. நெடுங்காலம் வறுமையிலும் மறதியிலும் வாழ்ந்தபின், 1901-இல் முதல் நோபல் அமைதிப் பரிசு அவருக்கும் ஃபிரெதெரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் பெயரை மறந்தவர்களும் அவர் காரணமாய் எழுந்த சின்னத்தின் கீழ் உயிர் பிழைத்தார்கள்.

இந்த வாரம் உங்களைக் காண்கிற ஒருவன், நீங்கள் அணிந்திருக்கும் சிலுவையைக் கண்டு, இவரிடம் எனக்குத் தீங்கு நேராது என்று நம்பக்கூடுமா? இக்கேள்வியோடு தேவ சமுகத்தில் அமர்ந்திருங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.