ஃபௌ-ஜி

ஃபௌ-ஜி என்பது நகர்பேசிகளுக்காக இந்தியாவில் உருவாக்கப்பட்ட, போரைக் கருவாகக் கொண்ட நிகழ்பட ஆட்டம் ஆகும். பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2021 சனவரி 26 அன்று ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு வெளியானது. வெளியீட்டுக்கு முன்னர் எழுந்த பெரும் எதிர்பார்ப்புக்காகவும், பின்னர் ஏற்பட்ட ஏமாற்றத்துக்காகவும் இவ்வாட்டம் அறியப்படுகிறது.

பெயர்

"அச்சமற்ற, ஒன்றுபட்ட காவலர்கள்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர் ஆகும். இந்தியில் "ஃபௌஜி" என்ற சொல் படைவீரரைக் குறிக்கும். பப்ஜி என்ற பெயருடன் ஓசை ஒத்திருந்ததும் இது விரைவில் பரவ உதவியது.

பின்னணி

2020 சூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினரிடையே நடந்த மோதலில் இந்தியத் தரப்பில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். இவருக்கு 2021 குடியரசு நாளையொட்டி, மறைவுக்குப் பிந்தைய வீர் சக்கர விருது அறிவிக்கப்பட்டது.

மோதலைத் தொடர்ந்து சீனத் தொடர்புடைய செயலிகளை இந்திய அரசு தடை செய்யத் தொடங்கியது. 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜி மொபைலும் அடங்கும். இரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்சய் குமார் ஃபௌ-ஜி ஆட்டத்தை அறிவித்தார். நிகர வருவாயில் 20 விழுக்காடு "பாரத் கே வீர்" அறக்கட்டளைக்கு வழங்கப்படும் எனவும் தெரிவிக்கப்பட்டது. இவ்வறக்கட்டளை தரைப்படைக்கானது அன்று. பணியில் உயிர்நீத்த மத்திய ஆயுதக் காவல் படையினரின் குடும்பங்களுக்கு உதவுவதற்காக 2017-இல் ஏற்படுத்தப்பட்டது.

எதிர்பார்ப்பு

அறிவிப்பு வந்த காலத்தின் காரணமாக, ஃபௌ-ஜி பப்ஜிக்கு மாற்றான ஆட்டம் எனப் பரவலாகக் கருதப்பட்டது. பப்ஜியைப் போலப் பலர் இணைந்து ஆடும் சுடும் ஆட்டமாகவே இதுவும் இருக்கும் என்று பலர் எண்ணினர். 2020 அக்டோபர் 25, விசயதசமி அன்று முதல் முன்னோட்டம் வெளியானது. நவம்பர் 30 அன்று கூகிள் பிளே தளத்தில் முன்பதிவு தொடங்கியது. ஒரே நாளில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர்.

ஆட்டமுறை

வெளியீட்டின்போது தனியொருவர் ஆடும் கதைமுறை மட்டுமே இருந்தது. தன் அணியைப் பிரிந்த இந்திய வீரர் ஒருவர் கல்வான் பகுதியில் எதிரிகளை எதிர்கொண்டு முன்னேறுவதே கதை. துப்பாக்கிகள் இல்லை, வெறுங்கையாலும், கைப்பற்றும் தடி போன்ற கருவிகளாலும் சண்டையிட வேண்டும். தீமூட்டத்தின் அருகே இளைப்பாறினால் இழந்த உடல்வலு மீளும்.

துப்பாக்கி இல்லாமை உண்மை நிகழ்வுடன் ஒத்துப்போவதாகும். 1996, 2005 ஆம் ஆண்டுகளின் இந்திய–சீன உடன்பாடுகளின் வழிவந்த நடைமுறைப்படி, எல்லையில் நேருக்கு நேர் நிற்கும் வேளைகளில் இருதரப்பினரும் சுடாமல் இருந்து வந்தனர். கல்வானிலும் கற்களும் ஆணி பொருத்திய தடிகளுமே பயன்பட்டன.

வரவேற்பு

பப்ஜியை எதிர்பார்த்தவர்களுக்கு இது நிறைவளிக்கவில்லை. ஒரே வகைச் சண்டை திரும்பத் திரும்ப வருவதும், பலர் இணைந்து ஆட இயலாமையும் முதன்மைக் குறைகளாகச் சுட்டப்பட்டன. கூகிள் பிளே தளத்தில் பயனர் மதிப்பீடு விரைவிலேயே ஐந்துக்கு ஏறத்தாழ மூன்றாகச் சரிந்தது. முன்பதிவு எண்ணிக்கை மக்களின் ஆர்வத்தைக் காட்டியதே தவிர, ஆட்டத்தின் தரத்துக்குச் சான்றாகவில்லை.

பிந்தைய நிகழ்வுகள்

2021 சூனில் இரு அணிகள் துப்பாக்கிகளுடன் மோதும் ஆட்டமுறை சோதனைப் பதிப்பாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் அடுத்த மாதமே, 2021 சூலை 2 அன்று, பப்ஜியின் இந்தியப் பதிப்பான பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வெளியாகிவிட்டது. 2025 சனவரியில் டாட்9 கேம்ஸ் நிறுவனத்தின் "ஃபௌ-ஜி: டாமினேசன்" வெளிவந்தது. ஐவர் கொண்ட இரு அணிகள் மோதும் இந்த ஆட்டம், 2020-இல் பலர் எதிர்பார்த்த சுடும் ஆட்ட வகையைச் சேர்ந்ததாகும்.