ஐந்தின் மேல் ஒரு புள்ளி

பட்டன் வைத்த செல்போனில் 5 என்ற எண்ணின் மேல் கடுகளவு ஒரு புடைப்பு இருக்கும். ஏ.டி.எம். இயந்திரத்தில் இன்றைக்கும் உண்டு. விரல் அதைத் தொட்டுவிட்டால் போதும்: மேலே 2, கீழே 8, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 6. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த எண் பலகை பிறந்த இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வகம். அதற்கு முன்பு சுழற்றும் டயல்தான். பூஜ்யத்தைச் சுழற்றினால் பத்துத் துடிப்புகள் போய் முடிந்து டயல் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பட்டனுக்கு மாறலாம் என்று 1950களில் யோசித்தபோது, பத்துப் பட்டன்களை எப்படி அடுக்குவது என்ற கேள்வி வந்தது. ஜான் கார்லின் என்ற உளவியலாளர் உருவாக்கிய குழு அங்கே இருந்தது. ஆட்களை உட்காரவைத்து எண்களை அழுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். வட்டமாக, வானவில்லாக, படிக்கட்டாக, இரண்டு வரிசையாக என்று பல அடுக்குகள். 7, 8, 9 மேலே இருக்கும் கணக்கு இயந்திரத்தின் அடுக்கையும் விடவில்லை. பட்டன் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எவ்வளவு அழுத்தம் கேட்க வேண்டும் என்பதையும் அளந்தார்கள். அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த டீனிங்கர் 1960இல் எழுதிய கட்டுரையில் இதெல்லாம் இருக்கிறது. விரலை இத்தனை மரியாதையோடு விசாரித்த பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் அந்தப் பட்டன் போன் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. பட்டன்கள் பத்துதான், நட்சத்திரக் குறியும் ஹாஷும் 1968இல் சேர்ந்தன. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சுருதிகள். 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும். பேச்சுக்குரலை எண் என்று எக்ஸ்சேஞ்ச் தவறாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஜோடி.

நம் ஊருக்குப் பட்டன் போன் வந்தபோது பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு இந்தச் சுருதி புரியவில்லை. அதனால் போனின் பக்கவாட்டில் பல்ஸ், டோன் என்று ஒரு குட்டி சுவிட்ச் வைத்தார்கள். பல்ஸில் தள்ளினால், பட்டனை அழுத்திய பிறகும் உள்ளே டக் டக்கென்று பழைய டயலின் துடிப்பே கேட்கும்.

பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கு அவற்றை ஒதுக்குவதில் முன்னுரிமை இருந்தது. பார்வையற்ற ஒருவர் நடத்திய பூத்தில், வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் விரல் முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவிரல் 5க்கு வந்து தொட்டுவிட்டுப் போகும்.

இப்போது கடைகளில் கார்டு தேய்க்கும் கருவிகள் சிலவற்றில் பட்டனே கிடையாது. மொழுமொழுவென்று கண்ணாடி மட்டும். பார்வையற்றவர் தன் ரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர் காதிலும் அது விழும். கண்ணாடிமேல் பொருத்திக்கொள்ளப் புடைப்புகள் கொண்ட மூடியைச் சில கருவிகளுக்குச் செய்கிறார்கள். கருவியைக் கொடுக்கும்போதே வங்கிகள் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கல்லாவில் இருப்பவருக்குப் பொருத்தவும் சொல்லித்தர வேண்டும்.