ஆள்மாற்றப் பெயர்கள் – 9: ஒரு ராத்திரி ரயில்

ஜார்ஜ் எலியட்டின் குட்டு உடைந்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் பிரான்டே சகோதரிகள் குறுக்கே வந்து நிற்கிறார்கள்.

ஹாவொர்த் பாதிரியார் வீட்டுப் பெண்களைத் தெரியாதவர் உண்டா? 1836 டிசம்பரில் 20 வயது சார்லட், அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுதிக்குக் கவிதை அனுப்பினார். இலக்கியம் பெண்ணுக்குப் பிழைப்பாக முடியாது, ஆகவும் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பெரிய மனிதரின் கவிதையை இன்று யார் தேடிப் படிக்கிறார்கள்?

1846-ல் சார்லட், எமிலி, ஆன் மூவரும் கைக்காசு போட்டுக் கவிதை நூல் கொண்டுவந்தார்கள். அட்டையில் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல். ஆண்பெயர் போலிருக்கும்; ஆண்பெயர்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. பாதிரியார் மகள்கள் அல்லவா, பொய் சொல்ல மனம் வரவில்லை! பெண் எழுதினால் வசவு ஆளின்மேல் விழும், பாராட்டு முகஸ்துதியாக வரும் என்பது சார்லட் பின்னால் சொன்ன காரணம். முதல் வருஷம் விற்றவை 2 பிரதிகள்.

மறுவருஷம் சார்லட் கரர் பெல் பெயரில் எழுதிய ‘ஜேன் அயர்’ ஊரையே கலக்கியது. இங்கேதான் நியூபி வருகிறார். எமிலி, ஆன் இருவரின் பதிப்பாளர். என் கணக்கில் இந்தக் கதையின் அசல் வில்லன். மூன்று பெல்களும் ஒரே ஆள்தான் என்று அமெரிக்கப் பதிப்பாளரிடம் சொல்லி, ஆனின் புது நாவலைக் கரர் பெல் சரக்காகத் தள்ளப் பார்த்தார். சார்லட்டின் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்.

1848 ஜூலை 7. கடிதம் கிடைத்த அன்றே சார்லட்டும் ஆனும் இடி மழையில் கீத்லி ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். ராத்திரி ரயில். காலையில் லண்டன், 65 கார்ன்ஹில். 24 வயது ஸ்மித் எதிரே, குள்ளமாக, கண்ணாடி போட்ட ஒரு கிராமத்துப் பெண். கரர் பெல்லுக்கு ஸ்மித் எழுதிய கடிதத்தையே சார்லட் அவர் கையில் கொடுத்தார். இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டாராம் மனிதர்!

அன்றிரவே அக்கா தங்கை இருவரையும் ஆபராவுக்கு அழைத்துப் போனார். ரகசியம் வெளியே போகக் கூடாதே. மற்றவர்களுக்கு அவர்கள் ‘மிஸ் பிரவுன்’கள். முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி.

எமிலி லண்டன் போகவில்லை. தன் ரகசியத்தையும் சேர்த்து அக்கா போட்டு உடைத்தது தெரிந்து கொதித்தார். அந்த டிசம்பரில் அவர் இறந்தபோதும், வாசகர்களுக்கு ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதியவர் எல்லிஸ் பெல்தான்.

எலியட் அடுத்த வாரம் நிச்சயம். அவர் புத்தகங்களைத் தான் எழுதியதாக ஊரை நம்பவிட்ட லிக்கின்ஸ் என்ற ஆசாமியும் கூட வருவார்.