தலைமுடியும் நுழையாத சந்து: எஞ்சின் பேரிங் இடைவெளியின் வரலாறு

ஒரு கார் எஞ்சினைப் பிரித்துப் போட்டால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க்ஷாஃப்ட் என்று பெரிய பாகங்கள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் திரும்பப் பூட்டிய பிறகு அந்த எஞ்சின் பல வருடம் ஓடுமா, முதல் நாளே இறுகி நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பொறுத்தது. கிராங்க்ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது. பல கார் எஞ்சின்களில் இதன் அளவு சுமார் 0.025 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. அதாவது ஒரு முடி கூட நுழைய முடியாத சந்து!

இன்று வீட்டிலேயே எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பவர்கள் இந்தச் சந்தை ஒரு பிளாஸ்டிக் இழையை வைத்து அளந்துவிடுகிறார்கள். இந்த நிலைக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

பாபிட் உலோகம்

1839-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் பாபிட் என்பவர் ஒரு புதுவகை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். உறுதியான ஓட்டுக்குள் மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றுவது அவருடைய யோசனை. அந்த உலோகத்தில் பெரும்பகுதி வெள்ளீயம். கூடவே கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. அவர் பெயராலேயே அதற்கு 'பாபிட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சுழலும் தண்டைத் தாங்க ஏன் மென்மையான உலோகம்? எண்ணெயில் கலந்த தூசி அதில் புதைந்துகொள்ளும், தண்டைக் கீறாது. எண்ணெய் வற்றிச் சூடேறினால் முதலில் உருகுவதும் பாபிட்தான். விலை உயர்ந்த தண்டு தப்பிக்க வாய்ப்பு கிடைக்கும்.

கையே அளவுகோல்

மோட்டார் கார்கள் வந்தபோது பாபிட்டும் கூடவே வந்தது. 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்டு 1.5 கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் பேரிங் என்று தனி உருப்படி கிடையாது. எஞ்சின் பிளாக்கிலேயே பாபிட்டை ஊற்றியிருப்பார்கள். அதில் எண்ணெய் பம்பும் இல்லை. சுழலும் பாகங்கள் வாரி இறைக்கும் எண்ணெயே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட பேரிங் தேய்ந்து எஞ்சின் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தால் அனுபவம் உள்ள மெக்கானிக்கைத் தேட வேண்டும். அவர் தண்டின் மேல் நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசுவார். மூடியைப் பூட்டி, தண்டைச் சுற்றி, மறுபடி கழற்றிப் பார்ப்பார். பாபிட்டில் எங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு. அதை ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும். நீலம் எல்லா இடத்திலும் சீராக ஒட்டும் வரை இதே வேலை.

அடுத்தது இடைவெளி. பல எஞ்சின்களில் பேரிங் மூடிக்கு அடியில் காகிதம் போன்ற மெல்லிய தகடுகள் இருக்கும். 'சிம்' என்பார்கள். தண்டு இறுகும் வரை ஒவ்வொன்றாக எடுத்து, பிறகு ஒன்றைத் திரும்ப வைப்பார்கள். தண்டு கையில் எப்படிச் சுழல்கிறது என்பதே தீர்ப்பு! நல்ல கையாக இருந்தால் நல்ல எஞ்சின். அந்தக் கை இல்லாதவருக்குச் சரியா தவறா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

துளையில் நிற்காத கார்க்

அந்தச் சந்துக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? கார்கள் தெருவுக்கு வரும் முன்பே இதற்கு இங்கிலாந்தில் விடை கிடைத்துவிட்டது. பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக உராய்வு பற்றிச் சோதனைகள் செய்துவந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். தண்டு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், வெளியே தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது!

கடைசியில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். பேரிங் மேல் இருந்த சுமை சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானியின் முள்ளோ 200-ஐயும் தாண்டியது. 1883-ல் வெளியான இந்த முடிவு சொன்னது இதுதான்: ஓடும்போது தண்டு உலோகத்தின் மேல் உட்காரவில்லை, எண்ணெயின் மேல் மிதக்கிறது.

1886-ல் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் தண்டு குறுகிக்கொண்டே போகும் சந்துக்குள் எண்ணெயை இழுத்துச் செல்கிறது. ஆப்பு போல நுழையும் எண்ணெயில் அழுத்தம் உருவாகித் தண்டைத் தூக்குகிறது.

எனவே பேரிங்கில் இடைவெளி இருப்பது குறை அல்ல, சுமையைத் தாங்குவதே அங்குள்ள எண்ணெய்தான். சந்து மிகக் குறைந்தால் எண்ணெய் போதாமல் சூடேறி இறுகும். அதிகமானால் எண்ணெய் ஓரம் வழியாக ஒழுகிவிடும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுகல் எட்டு மடங்கு ஆகும்! எண்ணெய் அழுத்தம் இறங்கி, தட்டும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

மாற்றிக்கொள்ளும் ஓடு

1930-களில் மெல்லிய எஃகுப் பட்டையில் பேரிங் உலோகம் பூசிய 'ஷெல் பேரிங்' பரவியது. இங்கிலாந்தில் இதைத் தயாரித்தவர் டோனி வாண்டர்வெல். அவருடைய 'தின்வால்' பேரிங்கின் பெயரும் அவருடைய பெயரும் சேர்ந்ததுதான் 'வான்வால்' என்ற பந்தயக் கார் அணி. 1958-ல் ஃபார்முலா ஒன்றின் முதல் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது இந்த அணிதான்.

ஷெல் பேரிங்கைச் சுரண்டக் கூடாது, சிம் வைத்தும் சரி செய்யக் கூடாது. தேய்ந்தால் புதியதை மாட்ட வேண்டும். தண்டே தேய்ந்திருந்தால் அதை 0.25 மி.மீ. போலக் குறிப்பிட்ட அளவுக்குக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற தடிமனான ஷெல்லைப் போடுவார்கள். சுரண்டும் வேலை ஒழிந்தது. ஆனால் அளக்கும் வேலை முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

மைக்ரோமீட்டர் பழைய கருவிதான். 1848-லேயே பிரான்சின் பால்மர் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் தண்டுக்கு ஒன்று, பேரிங்கின் உள்விட்டத்துக்கு இன்னொன்று என்று நல்ல கருவிகள் வேண்டும், அவற்றைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும். வீட்டில் எஞ்சின் பிரிப்பவருக்கு இது எளிதல்ல.

ஒரு பிளாஸ்டிக் இழை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய 'பிளாஸ்டிகேஜ்' இந்தக் குறையைத் தீர்த்தது. அளவு பிசகாமல் செய்யப்பட்ட மெல்லிய, மெதுவான பிளாஸ்டிக் இழை அது. தண்டையும் பேரிங்கையும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, தண்டின் நீளவாக்கில் ஒரு துண்டு இழையை வைக்க வேண்டும். மூடியைப் பூட்டி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். தண்டைச் சுற்றவே கூடாது, சுற்றினால் இழை இழுபட்டுவிடும். பிறகு கழற்றிப் பார்த்தால் இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். அதன் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். சந்து சிறியதாக இருந்தால் பட்டை அகலமாக இருக்கும். பச்சை நிற இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை அளக்கும்.

பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் தண்டு ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் தண்டு முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், ஒரே இடத்தில் வைத்த இழை அதைக் காட்டாது. அதற்கு இன்றும் மைக்ரோமீட்டர்தான் வேண்டும். எஞ்சின் காரிலேயே இருக்கும்போது அளந்தால் கிராங்க்ஷாஃப்டின் எடைக்குக் கீழிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு தொங்கிப் பொய்யான அளவு கிடைக்கும்.

நீலம் பூசிச் சுரண்டிய கைகளின் திறமையை இந்த இழை யாருக்கும் கற்றுத்தராது. ஆனால் எஞ்சினை ஓடவிட்டுக் கெடுத்த பிறகு தெரிய வேண்டிய தவறை, ஓடவிடும் முன்பே ஒரு புதியவருக்குக் காட்டிவிடும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூடியைப் பூட்டிய பிறகு "சரியாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல், ஒருமுறை கழற்றிப் பார்க்கும் பொறுமை!