ஏற்காட்டில் ஒரு கற்கணக்கு

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சேலத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஃபூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் சரளை மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் போய் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற பேச்சு அங்கே பிறந்தது.

ஏற்காட்டோடு அவருக்குக் குடும்ப உறவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவருமான பீட்டர் பெர்சிவல்தான் ஃபூட்டின் மாமனார். அவர் 1882இல் காலமானதும் இதே ஏற்காட்டில். 1891இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஃபூட், பரோடாவுக்கும் மைசூருக்கும் வேலை செய்து கொடுத்துவிட்டு, சேர்வராயன் மலையிலேயே குடியமர்ந்தார்.

கூடவே வந்தவை கற்கள். நாற்பதாண்டு நடையில் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பொறுக்கியவை. சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளும் அவற்றில் உண்டு. 1904இல் அந்தத் தொகுப்பு முழுவதும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கல்லை ஒப்படைத்தால் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது, என்ன பாறை, என்ன வடிவம், முழுசா, உடைந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுத வேண்டும். அந்த வேலை அவர் முதுமையைத் தின்றது. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அவர் இறந்தபோது நூல் அச்சாகியிருக்கவில்லை. பட்டியல் 1914இலும், கற்களின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன.

இந்தப் பட்டியலின் அருமையை இன்று தரவுப் பகுப்பாய்வு கற்கிற ஒரு மாணவர் உடனே உணர்வார். ஒரு கல்லுக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கு ஒரு கட்டம் என்பதுதான் அவருக்கும் முதல் பாடம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990களில் உருவாக்கிய ‘ஆர்’ மென்பொருள் இன்று தொல்லியலாளர்கள் பலருக்கு அன்றாடக் கருவி. காசு கேட்காத மென்பொருள். மண்ணின் ஒளிர்வை அளந்து காலம் கணிப்பதற்கென்றே அதில் ஒரு தனித் தொகுப்பு இருக்கிறது. அதற்காக 2002இல் வந்த ‘ஸ்வீவ்’ என்ற கருவி அறிக்கையையும் கணக்கையும் ஒரே கோப்பில் சேர்த்தது. பட்டியலில் ஒரு கல் கூடினால், கோப்பை மறுபடி ஓட்டியதும் அறிக்கையின் எண்ணிக்கையும் அட்டவணையும் படமும் தாமாகவே மாறிவிடும். ஃபூட் காலத்தில் அச்சுப்படியில் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்தியாக வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் மென்பொருள் செய்து தராது. ‘அத்திரம்பாக்கம்’ என்று ஒரு வரியிலும் ‘அதிரம்பாக்கம்’ என்று இன்னொரு வரியிலும் தட்டச்சு செய்துவிட்டால், அது இரண்டு ஊர் என்றே கணக்குச் சொல்லும். இரண்டு எழுத்துக்கூட்டலும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஊர் என்று தெரிந்த ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

ஃபூட் சொன்ன முடிவுகள் எல்லாம் நிலைக்கவில்லை. சபர்மதிக் கரையில், பழைய கற்காலப் படிவுக்கு மேலே சுமார் 200 அடி உயரத்துக்கு மண் படிந்திருந்ததைப் பார்த்து, பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி என்றார். பின்னால் வந்தவர்கள் நுண்கற்கருவிகளைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அத்திரம்பாக்கத்தை மீண்டும் தோண்டிய சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். 7,200க்கும் மேற்பட்ட கற்களை ஆராய்ந்து, இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்று 2018இல் எழுதினார்கள். ஃபூட் கற்பனையிலும் காணாத எண்கள் இவை. அவருடைய கருத்து பழசாகிவிட்டது, அவர் எழுதிவைத்த ஊர்ப்பெயரும் கல்லின் எண்ணும் இன்றும் பயன்படுகின்றன. ஓர் ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

சேலத்துக் கல்லூரிகளில் ‘ஆர்’ கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கென்று எங்கோ வெளிநாட்டில் பூத்த பூவின் இதழ் அளவுகளையே ஆண்டுதோறும் மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். ஃபூட்டின் பட்டியலைப் பங்கு பிரித்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், ஊர்ப்பெயர்களைத் தமிழில் சரிபார்க்கச் சொல்லுங்கள், அறிக்கையையும் தமிழிலேயே கேளுங்கள். முதல் வரி, சேர்வராயன் மலையில் கிடைத்த ஒரு கற்கோடரியாக இருக்கட்டும்.