உட்கரு எல்லை

உட்கரு எல்லை: பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 5,150 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்பாலான வெளிக்கரு முடிந்து திண்மமான உட்கரு தொடங்கும் தளம். எவரும் கண்டிராத இவ்வெல்லையைக் குறித்து நாம் அறிந்தவற்றுள் பெரும்பாலானவை, பூகம்ப அலைகள் பூகோளத்தை ஊடுருவி மறுபுறம் வந்து சேரும் காலத்தையும் வலிமையையும் அளந்து பெற்ற அநுமானங்களே.

1897ஆம் ஆண்டின் அஸ்ஸாம் பூகம்பத்தை இந்திய பூகர்ப்ப ஆய்வுத்துறையின் சார்பில் ஆராய்ந்தவரான ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டம், 1906இல் பூமிக்குக் கரு உண்டென்று காட்டினார். அது திரவமே என்று 1926இல் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் வாதித்தார். கருவினுட் புகும் முதன்மை அலைகள் வேகங்குன்றி வளைந்து விடுவதால், பூகம்பத் தலத்திலிருந்து சுமார் 104 பாகை முதல் 142 பாகை வரையுள்ள பிரதேசம், நேரலைகள் எட்டாத நிழல் மண்டலமாகிறது. ஆயினும் அந்நிழலிலும் மெல்லிய அலைகள் பதிவாயின. கருவின் விளிம்பிற் பட்டுச் சிதறியவை அவை என்று கருதி அறிஞர் பலர் அமைதியுற்றனர்.

அமைதியுறாதவர் டென்மார்க்கின் இங்கே லேமன் அம்மையார். 1929 ஜூன் 17இல் நியூசிலாந்தின் மர்ச்சிசன் அருகே நேர்ந்த பூகம்பத்தை, ரஷ்யாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் முதலிய தொலைநிலையங்களின் பதிவுகளில் அவர் ஒப்புநோக்கினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், அலைகள் வந்த நேரங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் கஞ்சிமாவு விற்கும் காகிதப் பெட்டிகளில் அடுக்கி, தோட்டத்து மேசைமீது பரப்பி வைத்து அவர் கணக்கிட்ட காட்சியை உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். கருவைச் சூழ்ந்த கவசத்தில் விநாடிக்கு 10 கிலோமீட்டரும் கருவில் 8 கிலோமீட்டரும் வேகமெனக் கொண்டு, நடுவே வேகம் மிகுந்த மற்றொரு கரு இருப்பின் அதிற்பட்டுத் திரும்பும் அலைகள் நிழலுக்குள் வந்தே தீரும் என்று 1936இல் அவர் நிறுவினார். பிறர் புறக்கணித்த சிறு அசைவுகளுக்குக் காரணம் தேடிய அந்தப் பிடிவாதமே இத்துறையின் பெருஞ்செல்வம் என்பது மிகையன்று.

உட்கரு கெட்டியானது என்பதை 1940களில் ஃபிரான்சிஸ் பிர்ச்சும் கீத் புல்லனும் வலியுறுத்தினர். எனினும் திண்மத்திற்கு உறுதியான சான்று, பெரும் பூகம்பத்திற்குப்பின் பூமி முழுவதும் மணிபோல் அதிரும் அதிர்வெண்களைக் கொண்டு 1971இல் ஜீவான்ஸ்கியும் கில்பர்ட்டும் ஆராய்ந்தபோதுதான் கிட்டிற்று. அதற்குச் சற்று முன்னர், 1970இல், எல்லையிலேயே பட்டுச் செங்குத்தாக மீளும் அலைகளை எங்டால் முதலியோர் கண்டறிந்ததனால், எல்லை கூர்மையானது என்பதும் தெளிவாயிற்று. அங்கே முதன்மை அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 10.3 கிலோமீட்டரிலிருந்து 11 கிலோமீட்டராகத் திடீரென உயர்கிறது.

தெற்கு சாண்ட்விச் தீவுகளில் 1993இலும் 2003இலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நேர்ந்த இரு பூகம்பங்களை ஒப்பிட்ட லியான்சிங் வென், ஆப்பிரிக்காவின் அடியே எல்லை ஓரிடத்தில் மாறியிருக்கிறதென 2006இல் அறிவித்தார். எல்லையின் பரப்பே மாறுகிறதா, மேடுபள்ளமுடைய உட்கரு சுழல்வதனால் அவ்வாறு தோன்றுகிறதா என்னும் விவாதம் இன்னும் நடைபெறுகிறது.